சித்திரக்கதை நூல்களுக்கு ஏற்ற உறையும் தாங்கு அட்டையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. சித்திரக்கதை நூல்களுக்குச் சுவராக நிற்பது காகிதமே. காகிதம் நொறுங்குமாயின் சித்திரமும் அழியும், கதையும் அழியும். ஆகவே, மாணவச் செல்வங்களும் பெற்றோரும் விரும்பிச் சேர்த்து வைக்கும் சித்திரக்கதை நூல்களை நெடுநாள் காப்பது எவ்வாறு, அவற்றிற்கு எத்தகைய உறையும் அட்டையும் ஏற்றவை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அண்மையில் ரெம்பாவ் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பத்தார் இல்லத்தில் ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவ்வீட்டுப் பெரியவர் பால்மரம் வெட்டிய நாள்களில், சம்பள நாள்தோறும் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்த சித்திரக்கதை நூல்கள் அதில் இருந்தன. அவர் அக்கறை அற்றவர் அல்லர். பள்ளிப் புத்தகங்களுக்கு இடும் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வாங்கி ஒவ்வொரு நூலையும் பொதிந்திருந்தார். பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டிப் பின்புறம் வைத்திருந்தார். பத்துப் பத்தாக அடுக்கி ரப்பர் வளையமும் போட்டிருந்தார்.

ஆயினும், பொதிந்ததைப் பிரித்தபோது முகப்பின் வண்ணம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அட்டை பட்ட பக்கம் தேநீர் சிந்தியது போல் பழுத்திருந்தது. ரப்பர் வளையம் இளகிக் கோடு கோடாகக் கறை படிந்திருந்தது. உறையிடாமல் அடியில் கிடந்த இரு நூல்களே ஓரளவு நன்றாக இருந்தன! “பேரப்பிள்ளைகளுக்கு என்றுதானே இப்படிப் பார்த்துப் பார்த்து வைத்தேன்” என்று அப்பெரியவர் வருந்தினார். காக்க வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் போதாது. எதைக் கொண்டு காக்கிறோம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அப்பெட்டி நமக்கு உணர்த்திற்று.

இந்நூல்கள் காக்கத் தக்கவையா?

‘படித்துவிட்டு எறியும் பொம்மைப் புத்தகத்திற்கு இத்துணைப் பாதுகாப்பு எதற்கு?’ எனச் சிலர் வினவலாம். இவ்வினாவிற்கு முதலில் விடை காண்போம்.

1947 ஆம் ஆண்டில் தொடங்கிய அம்புலிமாமா, வண்ணப் படங்களோடு தமிழ்ச் சிறுவரை வாசிப்பிற்கு அழைத்து வந்தது. 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் நூல் ‘இரும்புக்கை மாயாவி’. 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் பிறந்தன. நம் நாட்டிலோ 1978 இல் ‘கிலா-கிலா’ என்னும் மலாய் நகைச்சுவை இதழ் தோன்றியது. 1979 இல் ஓவியர் லாட் தம் கம்பத்து இளமைக் காலத்தைச் சித்திரமாக்கிக் ‘கம்போங் பாய்’ என்னும் நூலை வெளியிட்டார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறிய எத்தனையோ சிறுவர்க்கு வாசிப்பின் வாயிலைத் திறந்துவிட்டவை இத்தகைய நூல்களே. ஆனால், குறைந்த விலையில் விற்பதற்காக மலிவான காகிதத்தில் அச்சிடப்பட்டமையாலும், கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டமையாலும், பின்னர்ப் பழைய தாளோடு எடைக்குப் போடப்பட்டமையாலும் எஞ்சியவை சிலவே.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1938 இல் அமெரிக்காவில் பத்துக் காசுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில்தான் சூப்பர்மேன் அறிமுகமானார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிரதிகள் அச்சாகியும், நூறு பிரதிகள் அளவே எஞ்சியிருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். அவற்றுள் ஒன்று 2024 இல் ஏலத்தில் அறுபது இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. நம் பெட்டியில் உள்ள நூல் அத்தகைய விலை பெறும் என்று நாம் கூற வரவில்லை. எல்லாரும் எறிந்துவிடும் பொருளே விரைவில் அரிய பொருளாகிறது என்பதையே சுட்டுகிறோம்.

தமிழகத்தில் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்பார் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். பிறர் மதியாத துண்டு வெளியீடுகளையும் நாடக அறிவிப்புகளையும் பழைய இதழ்களையும் அவர் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்த பின்னர், அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. அதனை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று உலகெங்கும் உள்ள ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. பெருஞ்செல்வமோ பெரும்பட்டமோ இன்றியும் ஒருவர் தம் மொழியின் செல்வத்தைக் காக்க இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காகிதம் ஏன் பழுக்கிறது?

நோயை அறிந்தால்தான் மருந்தைத் தேர முடியும். பழைய சித்திரக்கதை நூல்கள் பெரும்பாலும் செய்தித்தாளுக்குரிய காகிதத்தில் அச்சானவை. மரத்தை அரைத்துக் கூழாக்கிச் செய்யும் அக்காகிதத்தில் ‘லிக்னின்’ என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகிப் பழுப்பாகும். கூடவே அமிலமும் தோன்றும். மை பரவாதிருக்கக் காகிதத்தில் சேர்த்த படிகாரமும் அமிலத்தை மிகுவிக்கும். அமிலம் காகித நாரைச் சிறிது சிறிதாக அறுக்கும். அதனாலேயே பழைய தாளை மடித்த அளவில் அது அப்பளம் போல் நொறுங்குகிறது.

அமிலத்தின் ஆற்றலைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வாளியிலுள்ள ரப்பர்ப்பாலில் சிறிதளவு ஃபார்மிக் அமிலம் கலந்தால் பால் முழுதும் உறைவதைக் கண்டவர்கள் அவர்கள். அங்கே அமிலம் வேலையாள். காகிதத்திலோ அது பகைவன். காகிதத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல், ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல வேலை செய்கிறது. வெப்பமும் ஈரமும் அவ்வேலையை விரைவுபடுத்துகின்றன. அவ்விரண்டிற்கும் நம் நாட்டில் குறைவில்லை!

ஆகவே, நல்ல உறையும் அட்டையும் இரு கடமைகளை ஆற்ற வேண்டும். ஒன்று, வெளியிலிருந்து வரும் தூசி, கைவியர்வை, பூச்சி, மடிப்பு ஆகியவற்றைத் தடுத்தல். மற்றொன்று, தாமே நூலுக்குக் கேடு செய்யாதிருத்தல். அப்பெரியவரின் பெட்டியில் தவறியது இவ்விரண்டாவது கடமையே.

உறையைத் தேர்தல்

கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் பிளாஸ்டிக் உறைகளுள் நான்கு வகை உண்டு.

முதலாவது, பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு. மேசை விரிப்பிற்கும், பல கெட்டியான புத்தக உறைகளுக்கும் பயன்படுவது இதுவே. இதனை மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கின்றனர். நாளடைவில் அப்பொருள் வெளியே கசிந்து அச்சு மையை இளக்கும். முகப்பு உறையோடு ஒட்டிக்கொள்ளும். பி.வி.சி. சிதையும்போது அமிலத்தையும் வெளிவிடும். எனவே, சித்திரக்கதை நூலுக்கு இது ஒருபோதும் ஆகாது.

இரண்டாவது, பாலிஎத்திலீன். மென்மையானது, விலை குறைந்தது, சற்று மங்கலாகத் தோன்றும். அடிக்கடி எடுத்துப் படிக்கும் நூல்களுக்குச் சில ஆண்டுகள் வரை போதுமானது.

மூன்றாவது, பாலிபுரோப்பிலீன். கண்ணாடி போல் தெளிவாகவும் சற்று விறைப்பாகவும் இருக்கும். சித்திரக்கதை நூல்களுக்கென்றே விற்கப்படும் உறைகள் பெரும்பாலும் இவ்வகையே. விலைக்கேற்ற பயன் தருவது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்து, அலைவிழுந்தோ மஞ்சளாகவோ மாறிய உறையை மாற்றிவிட வேண்டும்.

நான்காவது, பாலியஸ்டர். ‘மைலார்’ என்னும் வணிகப் பெயரால் பலரும் இதனை அறிவர். மென்மையாக்கும் பொருள் ஏதும் கலவாத தூய பாலியஸ்டர் காகிதத்தோடு வினை புரியாது, எளிதில் கிழியாது, பல பத்தாண்டுகள் தெளிவு குன்றாது. பெரிய நூலகங்கள் அரிய தாள்களுக்குப் பயன்படுத்துவது இதனையே. விலை மிகுதி என்பது ஒன்றே குறை. ஆகவே, வீட்டில் உள்ள மிகப் பழைய நூல்களுக்கு மட்டும் இதனை வாங்கலாம்.

பொருளின் மீது முக்கோணக் குறியும் எண்ணும் இருந்தால் வகையை அறிவது எளிது. 1 என்பது பாலியஸ்டர். 2, 4 ஆகியவை பாலிஎத்திலீன். 3 என்பது பி.வி.சி.; 5 என்பது பாலிபுரோப்பிலீன். மூன்றாம் எண் உள்ளதை விலக்குக.

எண் இல்லையேல் என் செய்வது? மாணவர்களே, இதோ ஒரு சிறு சோதனை. உறையின் ஓரத்தில் விரல்நக அளவு ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு குவளை நீரில் ஒரு துளி சவர்க்காரம் கலந்து, அத்துண்டை நீருக்குள் அமிழ்த்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டி விலக்கி, விட்டுவிடுங்கள். மேலே எழுந்து மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், அச்சமின்றிப் பயன்படுத்தலாம். மூழ்கினால் அது பி.வி.சி.யாகவோ பாலியஸ்டராகவோ இருக்கலாம். கையால் கசக்கிப் பாருங்கள். சலசலவென்று ஒலித்து, மணம் ஏதுமின்றி விறைப்பாக இருந்தால் பாலியஸ்டர் எனக் கொள்ளலாம். தோல் போல் குழைந்து, புது மேசை விரிப்பின் நெடி வீசினால் அது பி.வி.சி. ஐயம் எழுந்தால் வாங்காதிருப்பதே நன்று. தீயிட்டுச் சோதித்தல் கூடாது, அப்புகை நஞ்சாகும்.

தாங்கு அட்டை

உறைக்குள் நூலின் பின்னே வைக்கும் விறைப்பான அட்டையைத் தாங்கு அட்டை என்போம். நூல் வளையாமலும் முனை மடங்காமலும் காப்பது இதன் பணி.

இம்முறை நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளின் மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டித் துணியில் பொதிந்தனர். அச்சட்டங்களுக்கு இடையில் எஞ்சியிருந்த சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தே டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். சட்டமும் துணியுமாகிய எளிய பொருள்கள் ஒரு காப்பியத்தைக் காத்துக் கொடுத்தன. தாங்கு அட்டையும் அம்மரச்சட்டத்தின் வழித்தோன்றலே.

ஆனால், அட்டை என்றால் எல்லாம் ஒன்றல்ல. பிஸ்கட் பெட்டி, சட்டைப் பெட்டி, காலணிப் பெட்டி ஆகியவற்றின் அட்டைகள் பழைய தாளை அரைத்துச் செய்யப்படுபவை, அமிலம் மிக்கவை. முன்புறம் வெள்ளையாக இருப்பினும் பின்புறம் சாம்பல் நிறமாக இருப்பதைக் கண்டு இவற்றை அறியலாம். இவ்வட்டையின் அமிலம் நூலுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையை உண்டாக்கும்.

‘அமிலமற்றது’ எனக் குறிப்பிட்ட அட்டையையே வாங்க வேண்டும். அதனினும் சிறந்தது, கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணச்சத்துக் கலந்த அட்டை. புளிப்பைச் சுண்ணம் முறிப்பது போல், காகிதத்தில் தோன்றும் அமிலத்தை இச்சத்து முறித்துவிடும். மலிவான சில அட்டைகளில் ஒரு பக்கம் மட்டுமே இச்சத்தைப் பூசியிருப்பர். பூசிய பக்கம் நூலை நோக்கி இருத்தல் வேண்டும். எவ்வகை அட்டையாயினும் ஆற்றல் குறையும் என்பதை மறவாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் நலம். கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக இருந்தால் போதும்.

அளவும் இடும் முறையும்

அமெரிக்க நூல்களுக்கென வரும் உறைகள் ஏறத்தாழ ஏழு அங்குல அகலமும் பத்தரை அங்குல உயரமும் உடையவை. தமிழ்ச் சித்திரக்கதை நூல்களோ கையடக்க அளவு முதல் பெரிய இதழ் அளவு வரை பல்வகைப்பட்டவை. எனவே, கடைக்குச் செல்லுமுன் நூலை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். நூலைவிட உறை ஒவ்வொரு புறமும் கால் அங்குலம் பெரிதாக இருப்பது ஏற்றது. இறுக்கமான உறை முனைகளைக் கசக்கும்; மிகத் தளர்ந்த உறைக்குள் நூல் நழுவி உராயும். அட்டை நூலைவிடச் சிறிதே பெரிதாக இருக்க வேண்டும்.

கைகளைக் கழுவித் துடைத்த பின்னரே நூலைத் தொட வேண்டும். முதலில் அட்டையை உறைக்குள் செலுத்தி, அதன் முன்னே நூலை மெல்ல இறக்குக. ஓர் உறைக்கு ஒரு நூலே போதும். உறையின் மேல் மடிப்பைப் பசைநாடாவால் ஒட்டுவதைவிடப் பின்புறமாக மடித்துச் செருகிவிடுதல் சிறந்தது. ஏனெனில், நூலை வெளியே எடுக்கும்போது மடிப்பிலுள்ள பசைநாடா முகப்பைத் தொட்டுக் கிழித்துவிடும். பலரும் தம் நூல்களைச் சேதப்படுத்துவது இவ்வாறே.

ஈரம் என்னும் பெரும்பகை

குளிர்நாட்டார் எழுதிய அறிவுரைகள் நமக்கு முழுதும் பொருந்தா. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரும். நம் நாட்டிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டையும் கடந்து நிற்கிறது. ஈரம் ஏறிய நூலை உறையிலிட்டு இறுக மூடினால், ஈரத்தையும் உள்ளே சிறையிட்டவர் ஆவோம்.

ஆகவே, மழையற்ற நாளின் நண்பகலில், வெயில் படாத இடத்தில், மின்விசிறிக் காற்றில் நூல்களை ஆறவிட்ட பின்னரே உறையிட வேண்டும். வெயிலில் காயவைத்தல் தவறு. வெயிலின் ஒளி வண்ணத்தை வெளுக்கச் செய்யும். உறையிட்ட நூல்களை மூடியுள்ள பாலிபுரோப்பிலீன் பெட்டியில் நேராக நிறுத்தி வைக்கலாம். சாய்ந்து வளையாதபடியும், நெருக்கிப் பிதுங்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்றுக. அவை குழந்தைகள் வாயிலிடாதபடி எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

பெட்டியைத் தரையிலும், மழைநீர் ஊறும் வெளிச்சுவரை ஒட்டியும், தகரக் கூரையின் கீழுள்ள பரணிலும், அடுப்பருகிலும் வைத்தல் ஆகாது. படுக்கையறையில் உட்சுவர்ப் பக்கமுள்ள அலமாரியே ஏற்ற இடம். மூன்று திங்களுக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் கரையான், கரப்பான், வெள்ளிப்பூச்சி ஆகியவற்றின் வரவை முன்னரே அறியலாம்.

செய்யத் தகாதவை

ரப்பர் வளையம் இடாதீர். நம் கைகளால் சீவிய மரத்தின் பாலே ஆயினும், ரப்பர் மூப்படையும்போது இளகி ஒட்டிப் பின் கல்லாக இறுகும். அதன் கறை நீங்காது. கிழிந்த பக்கத்தைப் பசைநாடாவால் ஒட்டாதீர். அப்பசை மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும். பக்கங்களைப் பிளாஸ்டிக் பூசி ஒட்டும் ‘லேமினேட்’ முறையும் கூடாது. அதனை மீண்டும் பிரிக்க இயலாது. செய்தித்தாளில் பொதிவது அமிலத்தை அமிலத்தில் பொதிவதாகும். பூச்சிமருந்தை நூலின் மீது தெளித்தலும் தவறு. அந்துருண்டையின் ஆவி, ‘ஜி6பிடி’ குறைபாடுள்ள கைக்குழந்தைகளின் குருதியணுக்களைச் சிதைக்கக்கூடியது. ஆதலின் வீட்டில் அதனைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

பொருள் வசதி குறைந்தோர்க்கு

எல்லாரும் விலைமிக்க உறை வாங்க இயலாது என்பதை நாம் அறிவோம். எழுதுபொருள் கடையில் கோப்புகளுக்கென விற்கும் ஏ4 தெளிவுறைகளுள் பல பாலிபுரோப்பிலீனால் ஆனவை. முன் கூறிய சோதனையைச் செய்து பார்த்து அவற்றைப் பயன்படுத்தலாம். தாங்கு அட்டை கிட்டாவிடில், ஒளிப்படியெடுக்கும் வெள்ளைத் தாள்கள் சிலவற்றை அடுக்கி நூலின் பின்னே வைக்கலாம். இக்காலத்து ஒளிப்படித் தாள்களுள் பெரும்பாலானவை சுண்ணச்சத்துக் கலந்தவையே. உறையே கிட்டாவிடினும், அத்தகைய வெள்ளைத் தாளில் நூலைப் பொதிந்து உலர்ந்த பெட்டியில் வைப்பது, தவறான பிளாஸ்டிக்கில் பொதிவதினும் பன்மடங்கு மேலானது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. உறையிட்டுப் பூட்டி வைப்பதற்காகப் பிறந்தவை அல்ல இந்நூல்கள். பிள்ளைகள் படிக்கக் கேட்டால் மறுக்காதீர். மேசை மீது விரித்துப் படிக்கவும், படித்தபின் மீண்டும் உறையிடவும் பழக்கினால் போதும். அப்பழக்கம் பெற்ற பிள்ளை பாடநூலையும் நூலக நூலையும் அவ்வாறே பேணும்.

நாம் கண்ட அப்பெரியவரின் பெட்டிக்கு இப்பொழுது புது வாழ்வு கிட்டியுள்ளது. பி.வி.சி. தாள்களும் ரப்பர் வளையங்களும் குப்பைக்குச் சென்றன. ஒட்டிக் கிழிந்த முகப்புகளை மீட்க இயலவில்லை. உள்ளிருந்த கதைப் பக்கங்கள் எஞ்சின. அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் குவளை நீரில் துண்டு மிதக்கிறதா எனத் தாமே சோதித்து உறைகளைத் தேர்ந்தெடுத்தனர். நூல்களை ஒவ்வொன்றாக உறையிலிடுகையில் அவை எந்தச் சம்பள நாளில் வாங்கியவை என்று தாத்தா கூறக் கூற, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தனர்.

தோட்டங்கள் பல கைமாறின. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல திசைகளுக்குப் பெயர்ந்தன. அவர்கள் படித்தவை எவை, மகிழ்ந்தவை எவை என்பதை நாளைய தலைமுறைக்குச் சொல்ல இத்தகைய தகரப் பெட்டிகளே எஞ்சியுள்ளன. உங்கள் வீட்டிலும் அத்தகைய பெட்டி இருக்கலாம். இவ்விடுமுறையில் பெற்றோருடன் அமர்ந்து அதனைத் திறந்து பாருங்கள். சித்திரக்கதை நூல்களோடு பழைய ஆண்டு மலர்களும் அகப்படின், அவற்றிற்கும் ஓர் உறை இடுங்கள். அவற்றிலும் நம்மவர் பெயர்களும் முகங்களும் உள்ளன.